வெப் டிசைனிங் என்றால் என்ன? நம் பிள்ளைகள் படிக்கும் புதுப் படிப்பைத் தெரிந்துகொள்வோம்



கனகம்மாசத்திரம் பகுதிக் குழுக் கூட்டங்களில் கடன் கேட்கும் காரணங்களில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கறவை மாடு, தையல் மெஷின், ஆஸ்பத்திரிச் செலவு, காதுகுத்து என்ற வரிசையில் "பொண்ணு வெப் டிசைனிங் படிக்கணும்னு சொல்லுது" என்பதும் வந்துவிட்டது. தீர்மான நோட்டில் எழுதுகிறவருக்கும் அது என்னவென்று தெரிவதில்லை, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் தெரிவதில்லை. தெரியாத ஒன்றுக்குக் குழுப் பணத்தைக் கொடுப்பதும் சரியில்லை. நமக்குத் தெரியாது என்பதற்காக ஒரு பிள்ளையின் ஆசையைத் தள்ளிவிடுவதும் சரியில்லை. அதனால் இந்த இதழில் அந்தப் படிப்பைப் பற்றி நாம் சேர்ந்து தெரிந்துகொள்வோம்.

வலைப்பக்கம் எப்படி உருவாகிறது?

செல்போனில் கரன்ட் பில் கட்டும்போதும், பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கும்போதும், பட்டா சிட்டா எடுக்கும்போதும் நம் முன்னால் விரிவது வலைப்பக்கம். இதை வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். முதலில் சுவர், வாசல், ஜன்னல் எங்கே என்று முடிவாகிறது. அதற்குப் பிறகுதான் பூச்சு, சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாம்.

வலைப்பக்கத்தில் சுவர் எழுப்பும் வேலையைச் செய்வது எச்.டி.எம்.எல். எது தலைப்பு, எது பத்தி, எது படம், எது பட்டியல் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மொழி அது. ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-ல் இந்த வலை யோசனையை எழுதிக் கொடுத்தார். 1991-ல் அது வெளியுலகுக்கு வந்தது. அன்றைய பக்கங்களில் அலங்காரம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. எழுத்து இருக்கும், அவ்வளவுதான்.

பெயின்ட் அடிக்கும் வேலைக்கு வந்ததுதான் சி.எஸ்.எஸ். நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோக்கன் வியும் லீ என்பவர் 1994 அக்டோபர் 10 அன்று இந்த யோசனையை முன்வைத்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்தார். 1996 டிசம்பரில் உலகம் முழுவதற்குமான விதியாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுத்தின் நிறம், அளவு, ஓரத்தில் எவ்வளவு இடம், எந்தப் பெட்டி எந்தப் பக்கம் என்று தோற்றம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் சொல்வது இதுதான். பிள்ளைகள் "ஸ்டைலிங்" என்று சொல்வது இதைத்தான்.

நம்ம கூட்டமைப்பு தீர்மானம் மாதிரி

இதில் இருக்கும் முக்கியமான சூட்சுமம் நமக்கு ஏற்கெனவே பழக்கமானது.

மகளிர் தின விழாவுக்கு எல்லாக் குழுவும் ஒரே நிறப் புடவை கட்டுவது என்று கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு உறுப்பினரின் வீட்டுக்கும் போய்த் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தீர்மானம் போதும், எல்லாக் குழுவும் கேட்டுக்கொள்ளும். அடுத்த வருஷம் நிறத்தை மாற்ற வேண்டுமானால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

சி.எஸ்.எஸ். கோப்பும் இப்படி ஒரு தீர்மான நோட்டுதான். நூறு பக்கம் உள்ள ஒரு வலைத்தளத்தில் "தலைப்பெல்லாம் பச்சை நிறம்" என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நூறு பக்கத்திலும் தலைப்பு பச்சையாகிவிடும். சி.எஸ்.எஸ். வருவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு தலைப்பிலும் நிறத்தைத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. கூட்டமைப்பு சொல்வது எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு குழு தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தால் அந்தக் குழுவுக்கு அந்த விதிதான். அதிலும் ஓர் உறுப்பினருக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தால் அவருக்கு அதுதான் செல்லும். சி.எஸ்.எஸ்.ஸிலும் பொதுவாக இப்படித்தான். எல்லாப் பத்திக்கும் ஒரு விதி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு விதி, ஒரே ஒரு வரிக்கு மட்டும் ஒரு விதி என்று எழுதினால் பொருளுக்கு மிக அருகில் இருக்கும் விதியே ஜெயிக்கும். மேலிருந்து படிப்படியாக இறங்கி வருவதால்தான் அதன் பெயரிலேயே அருவியைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்தார்கள்.

ஒரு விதி எழுதிப் பார்ப்போம்

"இங்கிலீஷ் நல்லா வந்தாத்தானே இதெல்லாம்?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். தொடங்குவதற்குச் சுமார் முப்பது ஆங்கிலச் சொல் தெரிந்தால் போதும். எல்லாம் கலர், பார்டர், விட்த், ஹைட் போன்ற சின்னச் சொற்கள்.

பத்தி எழுத்தெல்லாம் சிவப்பாக வேண்டுமென்றால் இப்படி எழுத வேண்டும். முதலில் பத்தியைக் குறிக்கும் 'பி' என்ற ஒற்றை எழுத்து. பிறகு ஒரு வளைவு அடைப்புக்குறி. உள்ளே 'கலர்', ஒரு முக்காற்புள்ளி, 'ரெட்', ஓர் அரைப்புள்ளி. கடைசியில் அடைப்புக்குறியை மூட வேண்டும். இவ்வளவுதான் ஒரு விதி. யாருக்கு, எதை, எப்படி என்ற மூன்று கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

பிள்ளைகள் முதலில் தடுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, அரைப்புள்ளியை விட்டுவிடுவது. விட்டால் அடுத்த வரியும் சேர்ந்து கெட்டுவிடும். இரண்டாவது, கலர் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டு. நம் பள்ளிக்கூடத்தில் 'யூ' சேர்த்து ஆறு எழுத்தாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அமெரிக்க வழக்கப்படி சி, ஓ, எல், ஓ, ஆர் என்று ஐந்தே எழுத்துத்தான். ஆறு எழுத்துப் போட்டால் நிறம் மாறவே மாறாது. எங்கே தப்பு என்று தெரியாமல் பிள்ளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். அப்போது "உனக்கு இது வராது, எழுந்திரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நிறத்தை எண்ணாலும் சொல்லலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் எவ்வளவு கலக்க வேண்டும் என்று 0 முதல் 255 வரை எண் கொடுக்க வேண்டும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. இப்படி 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறம் கிடைக்கும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்பு உடம்புக்கு எந்தக் கரை எடுக்கும் என்று கண்ணிலேயே தெரியும்.

டிசைன் என்பது அழகு மட்டும்தானா?

இல்லை. சொல்ல வந்தது பார்ப்பவருக்குச் சேர வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் டிசைன். நம் குழு போடும் மாங்காய் ஊறுகாய் பாட்டிலின் லேபிளை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில், எது பெரிதாக இருக்க வேண்டும்? கடைக்கு வருகிறவர் தேடுவது "மாங்காய் ஊறுகாய்" என்ற சொல்லை. அதுதான் பெரிதாக இருக்க வேண்டும். குழுவின் பெயர் அதற்கு அடுத்துத்தான்.

இரண்டாவது, எழுத்து தெரிய வேண்டும். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து, சிவப்பு மேல் ஊதா எழுத்து என்று போட்டால் கண்ணாடி போட்டவருக்குக்கூடப் படிக்க வராது. வலைப்பக்கங்களுக்கு இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு.

மூன்றாவது, காலி இடம். கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி விடாமல் வைத்தால் கோலம் தெரியுமா? லேபிளிலும் அப்படித்தான். காசு கொடுத்த காகிதம் என்று ஓரம் வரை நிரப்பினால் ஒன்றும் கண்ணில் நிற்காது.

நான்காவது, விடக்கூடாத விஷயங்கள். உணவுப் பொருள் லேபிளில் சேர்மானப் பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருந்தாக வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனால் லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரிய கடையில் எடுக்க மாட்டார்கள்.

இது பெண்களுக்குக் கைவந்த வேலை என்பதற்கு ஓர் உதாரணம். 1984-ல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் திரையில் இருந்த சின்னச் சின்னப் படங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. அவர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல, ஓவியக் கலை படித்தவர். கட்டம் போட்ட கிராஃப் நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அந்தப் படங்களை வரைந்து பார்த்தார். கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறவர்களும் புள்ளிக் கோலம் போடுகிறவர்களும் செய்வது இதே கணக்குத்தான்.

தமிழ் எழுத்தில் கவனம்

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தால் நாம் அனுப்பிய எழுத்து கடையில் வேறு ஏதோ குறிகளாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். முன்பு ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்து குலைந்துவிடும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பை அரசு ஏற்றது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991-லிருந்தே தமிழுக்கு இடம் உண்டு. இன்று செல்போனில் நாம் தட்டுவதெல்லாம் யூனிகோடுதான். அதனால் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே யூனிகோடில் தட்டச்சு பழகச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழில் 'கி', 'கூ' போன்ற எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் வரும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியையே வைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பலமும் இருக்கிறது. திருத்தணி 1960-ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றும் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். நகரி, புத்தூர், திருப்பதி என்று இந்த ரோடு போகும் வழியெல்லாம் இரண்டு மொழியிலும் போர்டும் விலைப்பட்டியலும் தேவைப்படுகிறது. இரண்டையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

பரணில் கிடக்கும் புத்தகம்

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். ஓர் அக்கா, மகளுக்கு வெப் டிசைனிங் கோர்ஸ் சேர்க்க 18,000 ரூபாய் கடன் கேட்டார். பயிற்சி மையத்தின் நோட்டீஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. கூடவே வீட்டில் வேறு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த வருஷம் எதுவும் சேராவிட்டால் ஆடி போனதும் மாப்பிள்ளை பார்த்துவிடலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இப்போதுதான் முடிந்திருந்தது.

குழுவில் ஒருவர் அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுல என்னென்ன சொல்லித் தராங்க?" பெண் நோட்டீஸில் இருந்த பாடங்களை வாசித்தது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், பேஜ்மேக்கர். வாசித்துவிட்டு அதுவே சொன்னது: "இதுல பாதிக்கு மேல எங்க பிளஸ் ஒன், பிளஸ் டூ புக்குல இருக்குக்கா. ஆனா பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம். கம்ப்யூட்டர்ல ஒரு தடவைகூட நானா செஞ்சு பார்க்கல."

அது உண்மைதான். 2018-19 கல்வியாண்டில் மாற்றி எழுதப்பட்ட தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் 'கணினிப் பயன்பாடுகள்' புத்தகத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுக்கும் பாடங்கள் உண்டு. அடுத்த ஆண்டு வந்த பிளஸ் டூ புத்தகத்தில் பேஜ்மேக்கர் வருகிறது. வணிகவியல் பிரிவில் படித்த நம் பிள்ளைகள் பலர் இதைத் தமிழ் மீடியத்திலேயே படித்திருக்கிறார்கள்.

குழு அன்றைக்கு 18,000-ஐக் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மூன்று மாதம் வீட்டில் செய்து பார்க்கட்டும், பிறகு பேசலாம் என்று தீர்மானம் போட்டது. மகளிர் அலுவலகம் வரை நடக்கத் தயாராக இருக்கும் இரண்டு அக்காக்கள் அப்பாவிடம் போய்ப் பேசினார்கள். அண்ணன் படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் பேட்டரி போய்க் கிடந்தது. ஒயரில் சொருகினால் ஓடியது. அந்தப் பெண் முதலில் செய்தது குழுவின் அப்பளப் பாக்கெட்டுக்கு ஒரு லேபிள், பிறகு குழுப் பொருட்களுக்கு ஒரு சின்ன விலைப்பட்டியல் பக்கம். மூன்றாவது மாதக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் காட்டியது. அதன் பிறகு, ஏற்கெனவே தெரிந்ததற்குப் பணம் கட்டாமல், தெரியாத பாடத்துக்கு மட்டும் 4,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். கல்யாணப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

செலவில்லாமல் எங்கே கற்கலாம்?

• பள்ளிப் புத்தகம். மேலே சொன்ன இரண்டும். பழைய புத்தகக் கடைக்குப் போடாதீர்கள்.

• பழைய லேப்டாப். விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் தொடங்கப்பட்டது. அப்படிக் கிடைத்த லேப்டாப் வீட்டில் இருந்தால் சி.எஸ்.எஸ். பழக அதுவே போதும். அதிலேயே இருக்கும் நோட்பேடில் எழுதி, பிரவுசரில் திறந்து பார்த்தால் சரி. இதற்கு நெட் பேலன்ஸ்கூடத் தேவையில்லை.

• கணியம். 2012-ல் தொடங்கிய தமிழ்க் கணினி மின்னிதழ். 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். உள்பட பல மின்னூல்களை இலவசமாகத் தந்திருக்கிறது. து. நித்யா என்ற பெண்மணி இந்த வரிசையில் பல நூல்கள் எழுதியிருக்கிறார்.

• ஸ்போக்கன் டியூட்டோரியல். மும்பை ஐ.ஐ.டி. நடத்துவது. சின்னச் சின்ன வீடியோ பாடங்கள், பல தமிழில் உண்டு. படம் வரையும் இங்க்ஸ்கேப், போட்டோ திருத்தும் கிம்ப் போன்ற இலவச மென்பொருட்களைப் பார்த்துக்கொண்டே செய்து பழகலாம்.

• ஐ.டி.ஐ. பத்தாவது தேறியவர்கள் 'கோபா' என்ற ஓராண்டுக் கம்ப்யூட்டர் பிரிவில் சேரலாம். வலைப்பக்கம் செய்வதும் அதில் ஒரு பாடம். அரசு ஐ.டி.ஐ. எது அருகில் என்று விசாரித்துச் சேருங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. பாடங்கள் என்னென்ன? எழுதிக் கொடுங்கள்.
2. ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூன்று பேருக்கு ஒன்றா?
3. வாரத்தில் எத்தனை மணி நேரம் கையால் செய்யப் பழக்குவார்கள்?
4. போன வருஷம் படித்த இரண்டு பேரின் வேலையைப் பார்க்க முடியுமா?
5. பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்புமா? ரசீது உண்டா?

இந்த ஐந்துக்கும் நேரான பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். சர்டிபிகேட்டைவிட, பிள்ளை தானே செய்து காட்டும் மூன்று வேலைதான் நாளைக்குப் பேசும்.

வேலை கிடைக்குமா?

இதற்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சி.எஸ்.எஸ். மட்டும் தெரிந்தால் வேலை கிடைத்துவிடாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, "இப்படி ஒரு பக்கம் வேண்டும்" என்று கேட்டால் இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அது கொடுத்தது சரியா, செல்போனில் ஒழுங்காகத் தெரிகிறதா, தமிழில் பிழை உண்டா என்று பார்த்துத் திருத்த அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். காரக் குழம்பு ருசி தெரியாதவர் ஹோட்டல் குழம்பில் என்ன குறை என்று சொல்ல முடியாது அல்லவா?

நம் பகுதியில் இந்தப் படிப்புக்கு உடனே கிடைக்கும் வேலை பிரின்டிங் பிரஸ், பிளக்ஸ் கடை, இ-சேவை மையம், கல்யாணப் பத்திரிகை, சிறு கடைகளின் விலைப்பட்டியல் போன்றவை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கடை போடும் குழுக்களுக்கே போர்டும் லேபிளும் வேண்டியிருக்கிறது. அங்கிருந்து மேலே போகலாம். ஆஸ்திரேலியாவில் மெலனி பெர்கின்ஸ் என்ற மாணவி, சக மாணவர்களுக்கு டிசைன் மென்பொருள் சொல்லிக் கொடுக்கும்போது அவர்கள் திணறுவதைப் பார்த்தார். 2007-ல் அம்மா வீட்டுக் கூடத்தில் இருந்தபடி, பள்ளி ஆண்டு மலர்களை எளிதாக வடிவமைக்கும் தொழிலைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 2013-ல் கேன்வா ஆனது. இன்று நம் பிள்ளைகள் பிறந்தநாள் வாழ்த்து செய்வதும் அதில்தான்.

செல்போனும் பாதுகாப்பும்

"பொண்ணு கையில போன் கொடுக்கலாமா?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். பையன் கையில் கொடுப்பது சரியென்றால் பெண் கையில் கொடுப்பதும் சரிதான். இருவருக்கும் சொல்ல வேண்டியவை ஒன்றுதான். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதே. "வீட்டிலிருந்தே டிசைன் வேலை, முதலில் ரெஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டு" என்றால் அது மோசடி. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். அடுத்தவர் படத்தை அனுமதி இல்லாமல் எடுத்துப் போடாதே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்.

அடுத்த கூட்டத்தில் என்ன செய்யலாம்?

உங்கள் குழுவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஓடாமல் கிடக்கும் லேப்டாப் யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். குழுவின் ஒரு பொருளுக்கு லேபிள் செய்யும் வேலையை அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வெளியே கடையில் கொடுத்தால் என்ன கூலி கொடுப்போமோ அதைப் பிள்ளைக்கும் கொடுங்கள். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று சும்மா வாங்கிக்கொள்ளாதீர்கள். முதல் கூலி நூறு ரூபாயாக இருந்தாலும், அது அந்தப் பெண்ணின் பெயரில் சேமிப்புக் கணக்கில் ஏறட்டும்.